நார்த் பெரிக் மேற்கு லிங்க்ஸ்: வெளியூர் ஆட்டக்காரர் தனியாகப் போகலாமா?

கிண்டிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். இந்தக் கோடையில் எடின்பரோவில் இருக்கும் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கப் போகிறேன். சென்னையில் கிண்டிப் பந்தயத் திடலுக்குள் இருந்த கோல்ஃப் மைதானத்தில் ஆடிப் பழகியவன் நான், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 19. ஸ்காட்லாந்து வரை போய்விட்டு, லிங்க்ஸ் எனப்படும் கடலோர மணல்வெளி மைதானம் ஒன்றில் ஒருமுறையேனும் ஆடாமல் திரும்ப மனமில்லை. பலரும் செயின்ட் ஆண்ட்ரூஸைச் சொல்கிறார்கள். ஆனால் என் நாட்டம் நார்த் பெரிக்கின் மேற்கு லிங்க்ஸ் மீதுதான் இருக்கிறது. 1832இல் தொடங்கிய அத்தனை பழைய கிளப்பில், உறுப்பினர் யாருடைய அறிமுகமும் இல்லாமல் ஒருவர் தனியாகப் போய் ஆட முடியுமா? இத்தகைய கிளப்புகளில் வெளியாளை ஏற இறங்கப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பதால் தயக்கமாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

லோதியன்வாசி

வணக்கம் ஐயா. இந்த மைதானத்துக்கு அருகில் வசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகப் போகலாம், தயக்கமே வேண்டாம். எடின்பரோ வேவர்லி நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். இறங்கி நடந்தே முதல் டீக்கு, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் இடத்துக்கு, போய்விடலாம்.

அந்த ரயில் பாதையிலேயே உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இருக்கிறது. நார்த் பெரிக்குக்கு 1850இல் ரயில் வந்தது. அதற்குச் சற்று முன்பு, 1848 வாக்கில், கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த பந்து புழக்கத்துக்கு வந்திருந்தது. அதுவரை ஆடியவை, தோல் உறைக்குள் இறகுகளைத் திணித்துத் தைத்த பந்துகள். நல்ல கைவினைஞர் ஒருவரால் நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய முடியாது. மழையில் நனைந்தால் தையல் விட்டுவிடும். விலையும் சாதாரண மனிதனுக்கு எட்டாது. கட்டாபெர்ச்சா வந்ததும் பந்து மலிந்தது, ரயில் வந்ததும் கடற்கரை அருகாயிற்று. நிலவுடைமையாளர் சிலர் தங்களுக்குள் ஆடி விருந்துண்ட ஒரு சிறு கூட்டமாக இருந்தது, அதன் பிறகு விடுமுறைக்கு வருவோரால் நிரம்பிய ஊராக மாறியது. பிரான்சின் கடற்கரை உல்லாச ஊரான பியாரிட்ஸை ஒப்பிட்டு 'வடக்கின் பியாரிட்ஸ்' என்று பெயர் வாங்கும் அளவுக்கு நார்த் பெரிக் வளர்ந்தது. பின்னாளில் பிரதமரான ஆர்தர் பால்ஃபோரும் ஓய்வுக்கு இங்கே வந்து ஆடியவர்தான். ஆகவே வெளியூர் ஆட்டக்காரர் இந்த ஊருக்குப் புதிதாக முளைத்தவர் அல்லர். ஊரின் விடுதிகள், பந்தும் மட்டையும் செய்த பட்டறைகள், மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டும் கேடிகளின் பிழைப்பு எல்லாமே அவரை நம்பித்தான் எழுந்தன.

நடைமுறையைச் சொல்வதானால், கிளப்பின் இணையதளத்தில் வெளியாருக்கென ஒதுக்கிய நேரங்கள் இருக்கும். கோடையில் அவை பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஆனால் மூன்று பேர் கொண்ட குழுவில் நான்காவதாக ஒருவரைச் சேர்ப்பது எளிது என்பதால், தனி ஆளுக்குக் கடைசி நேரத்திலும் இடம் கிடைக்க வாய்ப்புண்டு. தொலைபேசியில் கேட்பதே நல்லது. உலகம் முழுவதற்கும் ஒரே ஹேண்டிகேப் முறை 2020இல் வந்துவிட்டதால், இந்தியாவில் பெற்ற சான்று அங்கும் செல்லும்.

கறார்கணக்கு

நண்பர் லோதியன்வாசி விருந்தோம்பலைப் பற்றி மிக இனிமையாக எழுதியிருக்கிறார். எனினும், இந்த வரவேற்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளியாரிடம் வாங்கும் ஆட்டக் கட்டணம்தான் இப்படிப்பட்ட கிளப்புகளின் பராமரிப்புச் செலவில் பெரும்பங்கைத் தாங்குகிறது. உறுப்பினர் சந்தா குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம். ஒரு கோடைக்கால ஆட்டத்துக்கு வெளியார் கொடுக்கும் தொகை, ஊருக்குள் ஒரு குடும்பம் வார விடுமுறையை நல்லபடியாகக் கழிக்கும் செலவைவிட அதிகம். பணம் கொடுப்பவரை வரவேற்பது வணிக மரியாதை. அதைப் பண்பாடு என்று பெயர் சூட்டிப் பெருமைப்படுவது எனக்கு ஒப்பவில்லை.

வரலாறும் அத்தனை இனிப்பானதல்ல. 1920இல் இங்கிலாந்தின் டீல் கடற்கரையில், பிரிட்டனின் முதன்மையான கோல்ஃப் போட்டியான ஓப்பன் நடந்தபோது, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கிளப் கட்டடத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. அமெரிக்கரான வால்டர் ஹேகன் ஒரு சொகுசுக் காரை வாடகைக்கு எடுத்துக் கிளப் வாசலிலேயே நிறுத்தி, அதையே தம் உடை மாற்றும் அறையாக்கிக் கொண்டார். மைதானத்தில் முதல் தர ஆட்டம் ஆடுபவனுக்கே உள்ளே நாற்காலி கிடையாது என்றிருந்த காலம் அது. நார்த் பெரிக்கிலிருந்து சில கல் தொலைவில் இருக்கும் மியூர்ஃபீல்டைப் பாருங்கள்: பெண்களை உறுப்பினராக்கும் தீர்மானம் 2016இல் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் தோற்றது, அதனால் அந்த மைதானம் ஓப்பன் போட்டி நடத்தும் வாய்ப்பை இழக்க நேர்ந்தது, அதன் பிறகுதான் 2017இல் மறுவாக்கெடுப்பு நடத்திக் கதவைத் திறந்தார்கள். அந்தக் கதவைத் திறந்தது நல்லெண்ணமா, நெருக்கடியா என்பதை வாசிப்பவர்களே முடிவு செய்யட்டும்.

லோதியன்வாசி

கறார்கணக்கு அவர்கள் சொன்ன செய்திகளில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கிளப்பும் மைதானமும் ஒன்றல்ல என்பதை அவர் விட்டுவிட்டார். ஸ்காட்லாந்தில் அவை இரண்டும் வெவ்வேறாகவே வளர்ந்தன. செயின்ட் ஆண்ட்ரூஸில் பழைய மைதானம் இன்றும் எந்தக் கிளப்புக்கும் சொந்தமில்லை. 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில், பெரும்போட்டிகள் போன்ற சில நாட்கள் தவிர, ஆட்டமே கிடையாது, ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் பதினெட்டாம் குழிக்குச் செல்லும் புல்வெளியான ஃபேர்வேயில் உலாவுகிறார்கள். நார்த் பெரிக்கிலும் மேற்கு லிங்க்ஸ் ஒரே கிளப்பின் தனிச்சொத்தாக இருந்து பழகியதல்ல. 1853இல் டான்டலன் கிளப், 1873இல் பாஸ் ராக் கிளப் என்று வேறு வேறு தரப்பினர் அதே புல்வெளியில் ஆடினார்கள். உள்ளே யார் விருந்துண்ணலாம் என்பதில் எத்தனை கெடுபிடி இருந்தாலும், வெளியே மணலில் பந்தடிக்கும் முறை பலருக்கும் வந்தது.

இன்னொன்று. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, கோல்ஃப் மைதானத்தின் குறுக்காக நடந்து கடக்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீன்களை மிதிக்கக்கூடாது, ஆட்டத்துக்கு இடையூறு செய்யக்கூடாது, அவ்வளவுதான். முதல் குழியில் நீங்கள் அடிக்க நிற்கும்போது, மணல் வாளியும் மண்வெட்டியுமாக ஒரு குடும்பம் கடற்கரைக்குக் கடந்து போகும். அவர்கள் போகும் வரை காத்திருப்பீர்கள். நம் ஊரில் காவலாளி விசில் ஊதி விரட்டியிருப்பார்.

சிறுவர்களுக்கென்று அங்கே தனியாக ஒன்பது குழி மைதானம் ஒன்று இருக்கிறது. அதில் பெரியவர்கள் ஆட வேண்டுமென்றால் ஒரு குழந்தையின் துணையோடுதான் ஆட முடியும். யார் யாரை அழைத்துப் போகிறார்கள் என்பதை அப்படியே திருப்பிப் போட்ட அந்த விதியை எழுதியவர் யாராக இருந்தாலும், அவரைச் சந்திக்க எனக்கு ஆசை. கிண்டிக்காரர் ஐயாவுக்குப் பேரப்பிள்ளை இருந்தால் அங்கும் ஒரு நடை போகலாம்.

உப்புக்காற்று

கட்டணமும் கதவும் ஒருபுறம் இருக்கட்டும். அங்கே போய் எதை ஆடப் போகிறோம் என்பதையும் ஐயாவுக்குச் சொல்ல வேண்டாமா?

கிண்டியின் மண்ணில் பந்து விழுந்த இடத்தை ஒட்டியே நிற்கும். மழைக்காலத்தில் புதைந்தே போகும். லிங்க்ஸ் நிலம் அப்படிப்பட்டதல்ல. பனியுகம் முடிந்தபின் நிலம் மெல்ல உயர, பழைய கடற்கரையின் மீது காற்று மணலை வாரியிறைத்து, மேடும் பள்ளமுமாக உருவான நிலம் அது. உழவுக்கு உதவாது, ஆடும் முயலும் மேய்ந்த தரை. மணலில் நீர் தங்காததால் மெல்லிய ஃபெஸ்க்யூ புல்தான் செழித்து வளரும். அது தரையோடு தரையாக, இறுக்கமாக இருக்கும். இரவெல்லாம் மழை பெய்தாலும் காலையில் ஆடலாம். பந்தை வானுயர அடித்து இலக்கில் இறக்கும் பழக்கம் அங்கே உதவாது. காற்று அதை எங்கோ கொண்டுபோய்விடும். முப்பது கஜம் முன்பாகவே இறக்கி, உருட்டி ஏற்றக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பதினைந்தாம் குழியான ரீடானை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிமியப் போரில் செவஸ்தபோல் நகரைக் காத்த கோட்டை அரணின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 190 கஜம், பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. டீயில் நின்று பார்த்தால் கிரீனின் தரை தெரியாது. இடையில் ஒரு மேடு மறைத்துக்கொண்டிருக்கும், கொடியின் மேற்பகுதி மட்டும் அசையும். கிரீன் வலப்பக்க முன்விளிம்பில் உயர்ந்து, இடப்பக்கப் பின்விளிம்பை நோக்கிச் சாய்த்து வைத்த தாம்பாளம் போல இருக்கிறது. இடப்பக்க முன்புறத்தில், ஆள் இறங்கினால் தலை மறையும் பங்கர் என்ற மணல் பள்ளம். கொடியைக் குறிவைத்து நேராக அடிப்பவர் ஒன்று அந்தப் பங்கருக்குள் இறங்குவார், அல்லது கிரீனில் விழுந்து பின்பக்கமாக ஓடிவிடுவார். கொடியை மறந்துவிட்டு, வலப்பக்கத் தோளில் பந்தை இறக்கினால் சாய்வு தானே அதை வளைத்துக் கொடிக்கு அருகே கொண்டுபோகும். அடித்தவருக்கு அது தெரியாது. மேடேறிப் பார்க்கும் வரை பந்து எங்கே நின்றது என்ற சந்தேகம் உடன் வரும். அமெரிக்காவின் சார்லஸ் பிளேர் மக்டொனால்ட் இங்கே வந்து பார்த்து, லாங் ஐலண்டில் தாம் அமைத்த நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸின் நான்காம் குழியாக இதையே மறுபடி கட்டினார். அதன் பின் உலகில் எத்தனையோ மைதானங்களில் இதன் சாயலைப் பார்க்கலாம். மூலத்தை அமைத்தவராக டேவிட் ஸ்ட்ராத் என்பவரைச் சொல்வதுண்டு. மேடும் சாய்வும் முன்பே அங்கிருந்தன, ஆட்டக்காரர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பதின்மூன்றாம் குழியில் இன்னும் வேடிக்கை. கிரீனுக்கும் ஃபேர்வேக்கும் இடையில் பழைய கற்சுவர் ஒன்று குறுக்கே ஓடுகிறது. இன்றைய வடிவமைப்பாளர் யாராவது அப்படிக் கட்டினால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். இங்கே அது வயல் எல்லைச் சுவர். கோல்ஃபுக்காக அதை இடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பந்து சுவரோடு ஒட்டி நின்றால், பக்கவாட்டில் அடித்து வெளியே வந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

மாலைநடை

நானும் ஆடுபவள் என்பதால் ஒரு சொல். மியூர்ஃபீல்டின் பெயரால் எல்லாக் கடற்கரைக் கிளப்புகளையும் ஒரே கணக்கில் சேர்ப்பது சரியல்ல. செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கான கிளப் 1867இலேயே அமைந்தது. நார்த் பெரிக்கில் 1888இல் அமைந்தது. தொடக்கத்தில் பெண்களுக்குக் கொடுத்தது பெரும்பாலும் பந்தை மெல்ல உருட்டி ஆடும் குட்டையான புட்டிங் தரைதான், மட்டையைத் தோளுக்கு மேல் தூக்குவது நாகரிகமல்ல என்றும் சொன்னார்கள், அது உண்மை. இருந்தும் அந்தப் பெண்கள் தங்களுக்கென்று அமைப்பை வைத்துக்கொண்டு, போட்டி நடத்தி, நாளடைவில் முழு மைதானத்துக்கும் வந்தார்கள். இன்று வெளியாராகப் போகும் பெண் ஒருவர் அங்கே தனியாக முன்பதிவு செய்து ஆடலாம். கேள்வி கேட்பவர் இல்லை. நான் போன அன்று என்னோடு சேர்த்துவிட்டது உள்ளூர் முதியவர் இருவரை. 'காற்று எப்படி?' என்பதைத் தவிர அவர்கள் என்னிடம் விசாரித்தது வேறொன்றுமில்லை. ஆறாம் குழிக்குள் அவர்கள் கைகாட்டிய திசையில் மட்டுமே அடிக்கத் தொடங்கியிருந்தேன்.

கறார்கணக்கு

சகோதரியின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்த இரு முதியவர்கள் உறுப்பினர்கள். உறுப்பினராக விரும்பி வரிசையில் காத்திருக்கும் உள்ளூர் இளைஞருக்கு எப்போது இடம் கிடைக்கும்? கோடை நேரங்களைச் சுற்றுலா நிறுவனங்கள் மொத்தமாக வாங்கிக்கொள்ளும்போது, ஊரார் விளிம்புக்குத் தள்ளப்படுகிறார்கள். லோதியன்வாசி பெருமையாகச் சொன்ன அந்தப் பொதுநிலம், நடந்து கடப்பதற்கு மட்டும் பொதுவாக இருந்து, ஆடுவதற்குப் பணமுள்ளவருடையதாகிவிட்டதே.

லோதியன்வாசி

இது நியாயமான கேள்வி. இங்குள்ளவர்களும் இதைத்தான் பேசிக்கொள்கிறோம். வெளியாருக்கு நாளின் சில பகுதிகளை மட்டும் ஒதுக்கி, காலையும் மாலையும் உறுப்பினருக்கென வைத்துக்கொள்வது பல கிளப்புகளில் வழக்கம். கோடையில் இங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், வெளியார் எல்லாம் சாப்பாட்டு மேசைக்குப் போன பிறகு ஊரார் ஆடத் தொடங்குவார்கள். சிறுவர் சந்தா மிகக் குறைவு என்பதால் இளம் வயதிலேயே சேர்ந்துவிடுவோர் பலர். சிரமப்படுவோர் முப்பது வயதுக்கு மேல் இந்த ஊருக்குக் குடிவந்தவர்கள்தான். அவர்களுக்கு ஊரின் கிழக்குப் பக்கத்தில், 1906இல் தொடங்கிய கிளென் மைதானம் இருக்கிறது. பாஸ் ராக் தீவு அங்கிருந்து இன்னும் அருகில் தெரியும். ஒன்றரை லட்சம் கன்னெட் பறவைகள் அடைந்த பாறை அது. 2022இல் பறவைக் காய்ச்சல் வந்து பெருமளவு குறைந்துவிட்டன. முன்பு வெயிலில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்த பாறையின் மேற்பகுதியில் அடுத்த ஆண்டு கருந்திட்டுகள் தெரிந்தன.

என் கருத்தைக் கேட்டால், வெளியாரைக் குறைப்பதைவிட, அவர்கள் தரும் பணத்தில் ஒரு பகுதி உள்ளூர்ச் சிறுவர்களின் மட்டைக்கும் பயிற்சிக்கும் போகிறதா என்று உறுப்பினர் கூட்டத்தில் ஆண்டுதோறும் கேட்பதே பயன்தரும். கதவைச் சாத்தினால் சந்தா ஏறும்; சந்தா ஏறினால் முதலில் வெளியேறுவது அதே உள்ளூர் இளைஞர்தான்.

கொழும்புவாசி

ஒரு சிறு இடைச்செருகல். கொழும்பில் கோல்ஃப் 1879இல் தொடங்கியபோது, அதை ஆடியதும் காலிமுகத்திடலில், கடலைப் பார்த்தபடிதான். பின்னர் உள்நாட்டுப் பக்கமாக ரிட்ஜ்வே திடலுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கடலோரப் புல்வெளியில் இன்று பட்டம் விடுகிறோம், இசுவடை (இறால் வடை) தின்கிறோம். கட்டாபெர்ச்சா மரப்பால் மலாயாக் காடுகளிலிருந்து போனது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உப்புக்காற்று

நார்த் பெரிக்கைப் பற்றிப் பேசிவிட்டு 1875ஆம் ஆண்டைச் சொல்லாமல் விட முடியாது. ஓப்பன் போட்டியை நான்கு முறை தொடர்ந்து வென்ற இளைய டாம் மோரிஸும், அவருடைய தந்தை மூத்த டாம் மோரிஸும் அந்தச் செப்டம்பரில் பார்க் சகோதரர்களோடு பந்தய ஆட்டம் ஆட இங்கே வந்திருந்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து தந்தி வந்தது: இளைய டாமின் மனைவிக்குப் பேறுகாலத்தில் ஆபத்து. ரயிலில் சுற்றிப் போக நேரமாகும் என்று, ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த பாய்மரப் படகில் ஃபோர்த் கழிமுகத்தைக் கடந்து போனார்கள். தாயும் பிள்ளையும் இறந்துவிட்டனர். அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளன்று இளைய டாமும் இறந்தார்; வயது 24. அவர்களும் அன்று அந்த ஊருக்கு வெளியூர் ஆட்டக்காரர்கள்தாம்.

கிண்டிக்காரர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தொலைபேசியில் பேசிவிட்டேன், மூவர் குழு ஒன்றோடு சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் சில ஐயங்கள். ஆட்ட வேகத்தில் கண்டிப்பாக இருப்பார்களா? கேடி அவசியமா? இரண்டாம் குழியில் பந்து கடற்கரை மணலில் விழுந்தால் என்ன செய்வது? பதினெட்டாம் குழியின் வலப்பக்கத்தில் கார்கள் வரிசையாக நிற்கும் படத்தைப் பார்த்ததிலிருந்து என் மகள் கவலைப்படுகிறாள்.

உப்புக்காற்று

வேகத்தில் கண்டிப்பு உண்டு, ஐயா. நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பதையே மரியாதை என்று கருதுவார்கள். உங்கள் முறை வரும் முன்பே மட்டையைத் தேர்ந்து வைத்திருங்கள். தேடும் பந்து கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். வண்டி கிடையாது என்றே எண்ணி, நடக்கத் தயாராகப் போங்கள். முதல்முறை போவோருக்குக் கேடி வைத்துக்கொள்வது நல்ல செலவு. மறைவான அடிகள் பல இருப்பதால், எங்கே அடிப்பது என்று சொல்ல ஆள் வேண்டும். பெயர்ந்த புல்லை எடுத்த இடத்திலேயே வைத்து மிதித்துவிடுவதும், பங்கர் மணலைச் சமன்செய்துவிட்டு வருவதும் நம் ஊரில் கேடி செய்யும் வேலைகள். அங்கே ஆடுபவர்தான் செய்ய வேண்டும்.

கடற்கரையில் விழுந்த பந்தை அப்படியே அடிக்கலாம். குளிக்க வந்தவர்கள் விலகும் வரை பொறுத்திருங்கள். சிலர் உங்கள் அடியைப் பார்த்துக் கைதட்டவும் கூடும், அது கேலியா பாராட்டா என்று ஆராயாதீர்கள்.

பதினெட்டு மிகக் குட்டையான பார் 4. பின்காற்று இருந்தால் ஒரே அடியில் கிரீனை எட்டிவிடலாம் என்ற ஆசை வரும். வலப்பக்கம் சாலை, கார்கள் அதை ஒட்டி நிற்கின்றன, ஆடுகளத்துக்கு வெளியே. உங்கள் பந்து வலப்பக்கம் வளையும் பழக்கமுள்ளதா?

கிண்டிக்காரர்

வளையும்.

உப்புக்காற்று

அப்படியானால் அங்கே ஏழாம் எண் மட்டையை எடுத்து, இடப்பக்கமாகப் பார்த்து அடியுங்கள்.

லோதியன்வாசி

மழை அங்கி இரண்டு கொண்டுபோங்கள் ஐயா. ஒன்று நனைந்தபின் இன்னொன்று வேண்டியிருக்கும். ரயில் ஏறும் நாளை இங்கே எழுதினால், எனக்கு வேலை இல்லாதிருந்தால் நிலையத்துக்கு வருகிறேன்.